கடலுக்கு எதிரே நின்ற நீர்

ஆழ்சம்பா என்ற நெல் முதலில் வந்தபோது காவிரிக் கடைமடையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேளாண் அலுவலகத்துக்கு ஒவ்வொரு பருவமும் ஏதாவது ஒரு புது விதை வரும், போகும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தார்கள். மற்ற நெல் சேற்றில் நிற்கும். இந்த நெல்லைக் காய்ந்த மண்ணில் இயந்திரத்தால் விதைத்துவிட்டால் போதும். வேர் ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே இறங்கி, ஐப்பசி கார்த்திகை மழை வண்டலுக்குள் விட்டுப்போன ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். வாய்க்கால் வேண்டாம், நாற்றங்கால் வேண்டாம், நடவுக்கு ஆள் வேண்டாம். வண்டல் இல்லாத மண்ணில் வளராது என்பது ஒன்றுதான் குறை. காவிரிப் படுகைக்காரர்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை.

சில ஆண்டுகளில் படுகை முழுவதும் அதற்கு மாறியது. மேட்டூர் எப்போது திறக்கும் என்று கேட்பதை மக்கள் மறந்தார்கள். வயலில் தண்ணீர் நிற்காததால் தவளைச் சத்தம் குறைந்தது, வரப்பில் நண்டு வளை இல்லாமல் போனது, கொக்குகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. தூர்ந்த வாய்க்கால்களின் மேல் முதலில் வைக்கோல் போர் வைத்தார்கள், பிறகு கார் நிறுத்தினார்கள், அதன் பிறகு வீடு கட்டினார்கள். எப்போது வேண்டுமானாலும் விதைக்கலாம் என்று ஆனபின் அறுவடைக்கும் தை மாதத்துக்கும் இருந்த தொடர்பு விட்டுப்போனது. பொங்கலன்று இடுப்பளவு பச்சையாக நிற்கும் வயலைத் தாண்டிக் கோயிலுக்குப் போனவர்களுக்கு அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

மிச்சமான தண்ணீரை இணைப்புக் கால்வாய் வழியாக ராமநாதபுரத்துக்குத் திருப்பினார்கள். படுகையை நெல் மாற்றியதைவிட அதிகமாக ராமநாதபுரத்தை அந்தத் தண்ணீர் மாற்றியது.

பூமயில் பிறந்தது முதுகுளத்தூருக்குத் தெற்கே ஆவாரனேந்தல் என்ற ஊரில். அவள் சிறுமியாக இருந்தபோது அங்கே யாரும் கேட்காமலே வளர்ந்த ஒரே பயிர் சீமைக்கருவேலம். அவளுடைய அப்பாவும் அண்ணன் வழிவிட்டானும் அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுத்து விற்றார்கள். ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அந்த வீட்டு ஆட்கள் சூரத்திலும் பீவண்டியிலும் இருந்தார்கள். கண்மாய்க்குக் காவிரித் தண்ணீர் வந்து சேர்ந்த வருடம் பூமயில் பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வீடியோ அழைப்பில் வந்து, வெகுநேரம் தண்ணீரை மட்டும் காட்டிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு பூட்டிய வீடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கருவேலத்தை வேரோடு தோண்டி எடுத்தார்கள். ஆனால் ஊரில் யாருக்கும் நெல் நடத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் படுகையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து ரயிலேறி வந்த நடவுப் பெண்களில் ஒருத்தி அஞ்சம்மாள். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கடம்பவிளாகம் என்ற ஊரின் கீழத்தெருவில் கூலி வீட்டில் பிறந்தவள். வழிவிட்டான் அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். அப்பா சாதியைச் சொல்லிக் கொஞ்ச காலம் மகனிடம் பேசாமல் இருந்தார். மருமகள் நட்ட வயலில் முதல் அறுப்பு முடிந்து களத்தில் நெல் குவிந்ததும் பேச ஆரம்பித்தார்.

ஆவாரனேந்தலில் முன்பு இல்லாத பலதும் வந்தன. மடைக்கு முறை வைத்தார்கள், முறை தவறியதற்கு அடித்துக்கொண்டார்கள், பங்குனியில் கண்மாய் வற்றும்போது ஊர்கூடி மீன் பிடித்தார்கள். கொசுவும் காய்ச்சலும் வந்தன. ஈரக் காற்றில் முண்டு மிளகாய் பூஞ்சை பிடித்ததால் மிளகாய் போடுவதை விட்டுவிட்டார்கள். படுகைப் பெண்களிடம் பழகிய பிள்ளைகள் ‘இஞ்ச வா, அஞ்ச போ’ என்று பேசின. இதெல்லாம் ஒரு தலைமுறைக்குள் நடந்தது.

பூமயில் படித்து முடித்து நீர்ப் பங்கீட்டு வாரியத்தில் சேர்ந்து, திருவாரூர் அலுவலகத்துக்கு வந்தாள். கடலோரக் கிராமங்களில் வாரியம் போட்டிருந்த ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரைச் சோதிப்பது அவள் பிரிவின் வேலை. பல வருடங்கள் அந்த வேலையில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. பிறகு கடலை ஒட்டிய கிணறுகளில் உப்பு ஏறியது. அடுத்த கோடையில் அதற்கு உள்ளே இருந்த வரிசையில் ஏறியது. அவள் எல்லாவற்றையும் இரண்டாம் முறை சோதிக்கச் சொன்னாள். பிறகு தலைமைப் பொறியாளர் ஜெபமணியிடம் போனாள்.

ஜெபமணி ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். திரையில் இருந்த வரைபடத்தை நிதானமாகப் பார்த்தார்.

“இது நிக்குமா?” என்றார்.

“நிக்காது சார். வயல்ல தண்ணி நின்ன காலத்துல அது உள்ள இறங்கிக் கடலைத் தள்ளிக்கிட்டு இருந்துச்சு. இப்ப தள்ள ஒண்ணும் இல்ல. போதாததுக்கு ஆழ்சம்பா வேற, இருக்கிற நல்ல தண்ணியை உறிஞ்சுது.”

“வழி?”

“கடலோரமா இருக்கிற வயல்ல மறுபடியும் தண்ணி கட்டி நிறுத்தணும். வருஷத்துல நாலு மாசமாவது.”

“தண்ணி எங்கேருந்து வரும்?”

பதில் அவருக்குத் தெரியும் என்பது பூமயிலுக்குத் தெரிந்திருந்தது. “தெற்க போறதுல இருந்துதான் சார்.”

“பாதி எடுத்தாப் போதாதா?”

“பாதி பாதின்னா ரெண்டு இடத்துலயும் வீண். அங்க பயிர் மணி பிடிக்காம சாவியாப் போகும். இங்க உப்பு நிக்காது.”

ஜெபமணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அறிக்கையை நீங்களே எழுதுங்க, உங்க பேர்லயே போகட்டும். நான் எழுதினா இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு பேச்சு வரும். நீங்க ராமநாதபுரத்துக்காரங்க. உங்க ஊருக்கு எதிரா நீங்களே எழுதினா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

“இது நியாயமா சார்?”

“இல்லம்மா. ஆனா வேலை நடக்கும்.”

எழுதுவதற்கு முன்னால் இரண்டு ஊர்களுக்கும் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று பூமயில் நினைத்தாள். முதலில் கடம்பவிளாகத்துக்குப் போனாள்.

அங்கே ஊராட்சித் தலைவி தையல்நாயகி. நிறைய நிலம் உள்ள குடும்பம். பழைய வாய்க்காலின் மேல் மண் கொட்டி உயர்த்திக் கட்டிய மாடி வீட்டில் இருந்தார். காப்பி கொடுத்தார். அது கேன் தண்ணீரில் போட்ட காப்பி என்று அவரே சொன்னார். கிணற்றுத் தண்ணீரில் போட்டால் பால் திரிந்துவிடுகிறதாம். பூமயில் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

“வயல்ல தண்ணி நின்னா ஆழ்சம்பா அழுகிப் போயிடும். அது தெரியுமுல்லீங்களா?”

“தெரியும்ங்க. பழைய நெல்லைத்தான் போடணும்.”

“யாரு நடுவா? ஆளெல்லாம் எப்பவோ போயாச்சு. எம் பையனுக்கு வரப்புல நடக்கவே தெரியாது. இந்த வீட்டுக்கு அடியிலதான் வாய்க்கா ஓடிச்சு. தண்ணி விட்டா அது எந்த வழியாப் போவும்?”

“அதுக்கெல்லாம் வழி செய்யலாம். இப்படியே விட்டா இன்னும் கொஞ்ச வருஷத்துல ஆழ்சம்பா வேரே உப்பைத் தொட்டுடும்மா. அதுக்கப்புறம் இந்த மண்ணுல எதுவும் வராது.”

“அதுக்குள்ள உப்புல வளர்ற நெல்லு ஒண்ணு கண்டுபிடிச்சுடுவாங்க. இதைக் கண்டுபிடிக்கலீங்களா?”

அது முட்டாள்தனமான பதில் இல்லை. ஆழ்சம்பாவையும் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

“நீங்க எந்த ஊருங்க?” என்றார் தையல்நாயகி.

“ராமநாதபுரம் பக்கம்.”

அவர் சிரித்துவிட்டார். “உங்க ஊருத் தண்ணியை எடுத்து எங்களுக்குக் குடுக்க நீங்களே வந்திருக்கீங்க. நாங்க வேண்டாங்கறோம். இதை வெளியில சொன்னா யாராச்சும் நம்புவாங்களா?”

திரும்பும் வழியில் பூமயில் காரைக் கீழத்தெருவில் நிறுத்தினாள். அங்கே யாரும் இல்லை. கூரை போன வீடுகளின் சுவர்கள் மட்டும் நின்றன. சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

அடுத்த வாரம் ஆவாரனேந்தலுக்குப் போனாள். மத்தியான நேரம். வழிவிட்டான் வயலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். அஞ்சம்மாள் அவளுக்கும் தட்டு வைத்துக் கெண்டைமீன் குழம்பை ஊற்றினாள்.

“என்னத்தா, சொல்லாம வந்து நிக்குற?” என்றான் வழிவிட்டான். பிறகு அவனே, “கமுதியில பேசிக்கிறாக. தண்ணியக் கடலுக்கு விடப் போறாகளாம்ல?” என்றான்.

“கடலுக்கு இல்லண்ணே.”

“பெறகு?”

“நல்ல தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம். மண்ணுக்குள்ள உப்புத் தண்ணிக்கு மேல நல்ல தண்ணி மிதந்துக்கிட்டுத்தான் இருக்கு. மேல ஒரு சாண் குறைஞ்சா அடியில நாப்பது சாண் உப்பு ஏறிரும். முன்னாடி அங்க வயல் வயலாத் தண்ணி நின்னதால கடல் அந்தப் பக்கமே கிடந்துச்சு. நெல்லுக்குத்தான் தண்ணி கட்டுறோம்னு எல்லாரும் நெனச்சாங்க. ஊரையே அதுதான் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது.”

வழிவிட்டான் சோற்றைப் பிசைந்தான். “இப்ப அவுக தண்ணி கேக்குறாகளா?”

“கேக்கல.”

“குடுத்தா வாங்குவாகளா?”

“வேண்டாம்னு சொல்றாங்க.”

“வேணாங்கிறவனுக்குக் குடுக்குறதுக்காக, வேணுங்கிறவன்கிட்ட இருந்து எடுக்கப் போற.”

“ஆமாண்ணே.”

“ஊருல எத்தன வீடு தொறந்திருக்கு, எத்தன புள்ளைக நம்ம பள்ளிக்கூடத்துல படிக்குது. இதெல்லாம் உன் கணக்குல வருதா?”

“வருது. எல்லாத்தையும் சேர்த்துத்தான் பார்த்தேன். இங்க காஞ்சா, என்னைக்காவது மறுபடியும் நனைச்சுக்கலாம். அங்க உப்பேறிட்டா நம்ம பேரப்புள்ளைங்க காலத்துலகூட அந்த மண்ணு திரும்பாது.”

“மண்ணு சரித்தா,” என்றான் அவன். “சூரத்துக்குப் போனவன் மறுபடியும் திரும்புவானா?”

அவன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டான். அஞ்சம்மாள் அந்தத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“எங்க தெருவுக்குப் போனீங்களா?” என்றாள்.

“போனேன் மதினி. நாலு சுவர்தான் நிக்குது.”

“எங்கம்மா ஆயுசுக்கும் அந்த வயல்ல குனிஞ்சே கெடந்துச்சு. ஒரு குழி நெலம் எங்களுக்குன்னு கெடையாது. செத்தப்ப பொதைக்கிற எடத்துக்கும் கெஞ்சத்தான் வேண்டியிருந்துச்சு.” குரலில் கோபம் இல்லை. சந்தையில் விலை விசாரிக்கிறவளைப் போல் பேசினாள். “அந்த ஊரைக் காப்பாத்த இந்த ஊரை எடுக்குறீங்க.”

பூமயில் தலையை ஆட்டினாள். குழம்பு நன்றாக இருந்தது. தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

அறிக்கை அவள் பெயரில் போனது. ஜெபமணி சொன்னபடியே யாரும் அவளைச் சந்தேகிக்கவில்லை. சட்டமன்றத்தில் ஒரு நாள் பேசினார்கள். தொலைக்காட்சியில் அவள் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள். அதே ஊரில் அவள் பெயரைச் சுவரில் எழுதி மேலே சாணி அடித்திருந்ததாக யாரோ அவளுக்குப் படம் அனுப்பினார்கள். உத்தரவு வந்தது.

இணைப்புக் கால்வாய் பிரியும் இடத்தில் உள்ள மதகை மூடும் நாளில் ராமநாதபுரத்திலிருந்து வேன்களில் ஆட்கள் வந்து மதகின்மேல் உட்கார்ந்தார்கள். போலீசும் வந்திருந்தது. மதகை இயக்கும் பொத்தான் திருவாரூர் அலுவலகத்தில் இருந்தது. அதனால் அங்கே தடுப்பதற்கு எதுவும் இல்லை. வந்தவர்களுக்கும் அது தெரியும். பூமயில் அலுவலகத்திலேயே இருந்திருக்கலாம். ஆனாலும் போனாள்.

வழிவிட்டான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும், “நீ ஏன் வெயில்ல வந்து நிக்குற? பொத்தான் அங்கதான இருக்கு,” என்றான்.

“தெரியும்ணே.”

அவன் பக்கத்தில் இருந்தவரைத் தள்ளி உட்காரச் சொல்லி அவளுக்கு இடம் விட்டான். அவள் உட்காரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் காலுக்குக் கீழே இரும்புக் கதவுகள் மெதுவாக இறங்கின. பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. கால்வாயில் நீரின் வேகம் குறைவதைப் பார்த்தபடியே எல்லாரும் இருந்தார்கள். தண்ணீர் இறங்கி, பக்கச் சுவரில் பாசி தெரிய ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக எழுந்து வேனுக்குப் போனார்கள்.

படுகையில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. நில உடைமையாளர்கள் யாரும் பழைய நெல்லைப் போடச் சம்மதிக்கவில்லை. அரசாங்கம் கடலோர வயல்களைக் குத்தகைக்கு எடுத்தது. அதில் தண்ணீர் கட்டி நிறுத்தி, நெல் போட்டு, விளைச்சலை எடுத்துக்கொள்ள யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்தது. உள்ளூரிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. மறந்துபோன வேலையை மறுபடியும் கற்றுக்கொள்ள அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ராமநாதபுரத்துக்காரர்கள். கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கத்தில் வயல் காய்ந்துபோனவர்கள். சேற்று நெல்லை நடத் தெரிந்த கடைசிக் கூட்டம் இப்போது அவர்கள்தான்.

வழிவிட்டானும் அஞ்சம்மாளும் கடம்பவிளாகத்துக்கு வந்தார்கள். ஊரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று பூமயில் கேட்கவில்லை. குடியிருந்தவர்கள் சென்னைக்குப் போய்விட்டதால் மேலத்தெருவில் பூட்டிக் கிடந்த ஓர் ஓட்டு வீடு அவர்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. அப்பா மட்டும் வரவில்லை. கண்மாயில் சேறு காய்ந்து வெடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லிவிட்டார். சில மாதங்களில் அதுவும் நடந்தது. ஆவாரனேந்தல் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள்.

இரண்டாம் வருட நடவின்போது பூமயில் கடம்பவிளாகத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கப் போனாள். உப்பு பின்வாங்கியிருக்கவில்லை. இருந்த இடத்திலேயே நின்றிருந்தது. அறிக்கையில் அவள் எதிர்பார்த்துச் சொன்னதும் அதுதான். சோதனை முடிந்து அண்ணனின் வயலுக்குப் போனாள். கடல் வரைக்கும் தட்டுத் தட்டாகத் தண்ணீர் நின்றது. வழிவிட்டான் நாற்றுமுடியை வீச, அஞ்சம்மாளும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் வரிசையில் குனிந்து நட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். நடவுப் பெண்கள் எல்லாருமே ராமநாதபுரத்திலிருந்து வந்தவர்கள்.

வரப்பில் தையல்நாயகி குடை பிடித்துக்கொண்டு வந்தார். ஊருக்குள் தண்ணீர் வராமல் கரையை உயர்த்திக் கட்டியபின் அவருடைய எதிர்ப்பு குறைந்திருந்தது. பூமயிலைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, நடவைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“ராமநாட்டுலயும் இப்படித்தான் நடுவாங்களா?” என்றார் அஞ்சம்மாளைப் பார்த்து. “இஞ்ச முன்னாடி எங்க ஆளுங்க நட்ட மாதிரியே இருக்கு. உங்க முகங்கூட எங்கயோ பாத்த முகமாட்டம் இருக்குங்க. உங்களுக்கு எந்த ஊரு?”

வழிவிட்டான் நாற்றுமுடியைக் கையில் பிடித்தபடி நின்றான். ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் அஞ்சம்மாள் நிமிர்ந்துவிட்டாள்.

“முதுகுளத்தூருப் பக்கம்ங்க. ஆவாரனேந்தலு.”

“அம்மா வீடு?”

“அதுவும் அங்கிட்டுத்தேன்,” என்றாள் அஞ்சம்மாள்.

அவள் ‘தான்’ என்பதை ராமநாதபுரத்துக்காரர்களைப் போல் ‘தேன்’ என்று சொல்லிப் பூமயில் அதுவரை கேட்டதில்லை. இத்தனை வருடம் ஆவாரனேந்தலில் இருந்தும் படுகைப் பேச்சு அவளை விட்டுப் போயிருக்கவில்லை.

“அப்படிங்களா,” என்றார் தையல்நாயகி. “எத்தனையோ பேரு வந்து போனாங்க, யாரு முகம் யாருக்கு ஞாபகம் இருக்கு. வேலை முடிச்சுட்டு வீட்டுக்கு வாங்க, காப்பி சாப்பிட்டுப் போவலாம்.”

கடம்பவிளாகத்தில் கீழத்தெருக்காரர்களை அந்தக் குடும்பத்தில் யாரும் ‘வாங்க’ என்று கூப்பிட்டதில்லை. பூமயிலுக்கு அது தெரியும். அஞ்சம்மாளின் அம்மாவை அவர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதும் தெரியும்.

“வாரேங்க,” என்றாள் அஞ்சம்மாள். “இந்த வயல் முடியட்டும்.”

குடை வரப்பில் தள்ளிப்போனது. வழிவிட்டான் தங்கையைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். நாற்றுமுடியை வீசினான். அஞ்சம்மாள் குனிந்து மற்ற பெண்களோடு சேர்ந்துகொண்டாள்.

வேலை முடிந்ததும் அவள் தேங்கி நின்ற தண்ணீரில் கைகால் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு ஊருக்குள் போனாள். பூமயிலும் கூடப் போனாள். தையல்நாயகி வாசலுக்கு வந்து, “வாங்க, வாங்க, உள்ள வாங்க,” என்றார். அஞ்சம்மாள் செருப்பைப் படியோரம் கழற்றிவிட்டு முன்வாசல் வழியாக உள்ளே போய், காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள்.